கணக்கில் வராத ஜனங்கள்

ஒரு காரியத்தைத் தீர்மானிக்குமுன் அதனால் பாதிக்கப்படுகிறவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிறோம். அவ்வாறு எடுத்துக்கொள்ளாவிட்டால் ஒரு சமூகத்துக்கு நேரும் கதி என்னவென்று அறிய விரும்புகிறவர்கள், கண்டி மாநகரில் தலதா மாளிகையையும் வாவிக்கரையையும் கண்ட பின், ஹந்தானை மலைப்பாதையிலோ தெல்தோட்டைப் பக்கமோ ஏறிச் சென்று, தோட்டத்து லயங்களில் வாழும் நம்மவருடைய சரித்திரத்தைச் சற்றே விசாரித்தல் நன்று.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. அதற்கும் முன்னே, கோப்பிக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வருகையில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானவர்களின் பெயர்களோ எந்த ஏட்டிலும் இல்லை.

ஆனால் தோட்டத்துக்குள் கணக்குக்கு ஒருநாளும் குறைவிருந்ததில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவார்கள். கூடையிலுள்ள கொழுந்தை நிறுப்பார்கள். நிறை குறைந்தால் செக்ரோல் என்னும் பெயரேட்டில் அரைப்பேர்தான், அதாவது அரைநாட் கூலிதான், விழும். ராத்தல் தவறாமல் இவ்விதம் கணக்கிடப்பட்ட அதே ஜனங்களை, சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே, தந்தையாவது, அல்லது பாட்டனும் பூட்டனுமாவது இத்தீவில் பிறந்தார்களென்று நிரூபிக்கக் கேட்டது பிரஜாவுரிமைச் சட்டம். பிறப்புப் பத்திரம் என்பதையே காணாத குடும்பங்கள் அதற்கு எங்கே போகும்? அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947இல் நாவலப்பிட்டியிலிருந்து கே. ராஜலிங்கத்தைப் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொழிலாளர், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் இடாப்பில் இடமின்றி நின்றார்கள். அவ்வாண்டில் அவர்களுடைய தலைவர்கள் கொழும்பில் சத்தியாக்கிரகம் செய்தும் பயன் விளையவில்லை.

இவையனைத்திலும் என் நெஞ்சை அதிகம் வருத்துவது 1964ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த விஷயமே. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையில், நாடற்றிருந்த இந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்வது என்று தொகை வகுக்கப்பட்டதேயன்றி, அந்த மக்களின் அபிப்பிராயத்தை முன்கூட்டிக் கேட்டறிவது அவசியமென்று இரு அரசாங்கங்களுக்கும் தோன்றவில்லை. தாய் ஒரு தேசம், மகள் ஒரு தேசம் என்று பிரிந்த குடும்பங்கள் அநேகம். தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். இலக்கங்கள் இருந்தன, மனிதர்களை எவரும் யோசிக்கவில்லை.

நாடற்றோர் நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒருவாறு தீர்ந்தது. எனினும் பிரதேச சபைகள் தோட்டப்புறத்துக்குப் பணம் செலவிடத் தடையாயிருந்த சட்டப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. வாக்களித்துச் சபையை அமைத்தவருக்கு அந்தச் சபை ஒரு பாதைகூடப் போட இயலாதிருந்ததென்றால், அதைவிட அநீதி வேறென்ன?

இன்றும் பெரும்பாலோருக்குக் குடியிருக்கும் லயம் சொந்தமன்று. காணிக்கு உறுதியும் இல்லை. காணியையும் வீட்டையும் குறித்துத் திட்டமிடும் அதிகாரிகள் இனியேனும் அந்த லயங்களுக்கு நேரில் சென்று, அங்குள்ள பெண்களின் வாய்மொழியைக் கேட்ட பின்னரே கையொப்பமிட வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.