நடுகல்லும் மரணப் பதிவேடும்

ஒரு கிராமத்தின் சரித்திரம் அதன் கோயிலில் மட்டுமன்று, இடுகாட்டிலும் அடங்கியிருக்கிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டு முதல் வெளிப்பட்ட தாழிகள் நம் முன்னோர் வாழ்வை உலகுக்கு அறிவித்தன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற நடுகல், ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவன் பெயரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காத்து வந்துள்ளது.

ஆயினும் நடுகற்கள் பெரும்பாலும் வீரர்க்கே எடுக்கப்பெற்றன. ஏர் உழுதவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் கல் இல்லை. அவர்கட்கும் ஓர் இடம் தருவது மரணப் பதிவேடாகும். பெயர், வயது, இறந்த நாள், இடம், காரணம் ஆகியன அதில் குறிக்கப்படுகின்றன. பல ஆண்டுப் பதிவுகளை ஒருசேர நோக்கின், எந்த ஆண்டில் நோய் பரவிற்று, பச்சிளங் குழந்தைகள் எத்தனை மாண்டன என்பன புலனாகும்.

1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் நேர்ந்த மரணத்தைக் குடும்பத் தலைவர் 21 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். ஊராட்சிகளில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர், இதற்குக் கட்டணமில்லை. 30 நாட்கள் வரை தாமதக் கட்டணமும், ஓராண்டு வரை உரிய அதிகாரியின் அனுமதியும், அதன்பின் நடுவரின் ஆணையும் தேவைப்படும். சான்று இன்றேல் வாரிசுகள் பட்டா மாற்றவும், விதவை உதவித்தொகை பெறவும், இன்ஷூரன்ஸ் பணம் பெறவும் அல்லலுறுவர். சொத்தில்லாத மூதாட்டியின் மரணமும் பிறந்த சில நாளில் மாண்ட குழந்தையின் மரணமுமே பெரிதும் விடுபடுகின்றன. சொத்து இல்லை என்பதற்காக ஒருவர் வாழ்ந்ததே இல்லை என்றாகிவிடலாமா?

பதிவைப் போன்றே அடக்கமும் அனைவர்க்கும் உரியது. இடுகாடும் சுடுகாடும் அமைத்துப் பேணுவது, 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமையாகும். பாதையும் நீரும் கொட்டகையும் அங்கு இன்றியமையாதன. ஒரு சாராரின் சவம் மட்டும் சேற்று வரப்பில் சுமந்து செல்லப்படுமாயின், அது அவ்வூருக்கே இழுக்கு. ஆதிதிராவிடரையும் பழங்குடியினரையும் மயானத்தைச் சமமாகப் பயன்படுத்தவொட்டாமல் தடுப்பது, 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

மயானத்தைச் சீர்செய்யுங்கால் தாழியோ எழுத்துப் பொறித்த கல்லோ தென்படின், அதனை உடைக்காமல் வேலையை நிறுத்தித் தாசில்தாருக்குத் தெரிவிப்போமாக. பழையோர் நினைவைக் காப்பதும், இன்று மறைந்தோர் பெயரை ஏட்டில் ஏற்றுவதும், அனைவரையும் ஒரே பாதையில் வழியனுப்புவதும் நம் ஊராட்சிகளின் நீங்காக் கடன்களாகும்.