லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்ததா?



"பந்துதான் எறிஞ்சான், கை ஒடிஞ்சு போச்சு" என்று பிள்ளையை அழைத்து வரும் தாய்மார் உண்டு. மரத்திலிருந்து விழுந்து ஒடிவது வேறு; சும்மா தடுக்கி விழுந்து ஒடிவது வேறு. லேசான அடிக்கே ஒடிந்தால், அந்த எலும்பு முன்பே பலவீனப்பட்டிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது நீர்க்கட்டிதான். எலும்புக்குள் குழி விழுந்து நீர் நிறைந்திருக்கும். 5 முதல் 15 வயதுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். மேற்கையிலும் தொடை எலும்பின் மேல்பக்கத்திலும் வரும். இது புற்றுநோய் அல்ல. கை என்றால், துணியால் கட்டித் தொங்கவிட்டாலே சில வாரங்களில் எலும்பு கூடிவிடும். ஆனால் பலருக்குக் கட்டி அப்படியே இருக்கும், திரும்பவும் ஒடியும். ஆகவே டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி படம் எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் கட்டிக்குள் ஊசி மருந்து செலுத்துவார்; அல்லது சுரண்டி எடுத்துவிட்டு எலும்புத்தூள் வைத்து அடைப்பார். தொடை எலும்பு உடம்பின் பாரத்தைத் தாங்குவதால், அதற்குப் பெரும்பாலும் கம்பியோ தகடோ வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டிவரும்.

இன்னொன்று பொல்லாதது: எலும்புப் புற்றுநோய். 10 முதல் 20 வயதில், முழங்காலைச் சுற்றி அதிகம் வரும். ஒடிவதற்குப் பல வாரங்கள் முன்பே வலி, வீக்கம், ராத்திரியில் தூக்கமின்மை இருக்கும். "வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்று தைலம் போட்டு நீவாதீர்கள். நீவினால் நோய் பரவக்கூடும்; காலமும் வீணாகும்.

இதற்கு டாக்டர் உடனே கம்பி போடமாட்டார். "ஒடிஞ்ச காலை அப்படியே வச்சிருக்காங்களே" என்று கோபப்படாதீர்கள். துணுக்கு எடுத்துச் சோதிக்காமல் கம்பி செலுத்தினால், நோய் எலும்பு நெடுகப் பரவிவிடும். முதலில் கட்டுப்போட்டு அசையாமல் வைப்பார்கள். பிறகு சோதனை, அதன்பின் சில வாரம் கீமோ மருந்து. அப்புறம்தான் நோயுள்ள எலும்பை வெட்டியெடுத்து உலோக மூட்டுப் பொருத்துவார்கள். பின்பு மறுபடியும் மருந்து.

"காலை எடுத்துடுவாங்க" என்று பயந்து பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இன்று பலருக்குக் கால் காப்பாற்றப்படுகிறது. சிலருக்கு எடுக்கத்தான் வேண்டும். பொய்க்கால் வைத்துப் பள்ளிக்கு நடந்து போகலாம். நோய் பரவுமுன் வந்து முழுச் சிகிச்சை பெற்றால், 10 பேரில் சுமார் 6 பேர் பிழைக்கிறார்கள்.

செலவுக்கு வழியில்லையென்றால், அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகநல அதிகாரியைக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். பிள்ளையின் உயிரைவிட வெட்கம் பெரிதல்ல.