பிரேசர் டவுனில் பனித்துளி, ஊட்டியில் உறைபனி: ஏன் இந்த வித்தியாசம்?

ஜனவரி விடியலில் பெங்களூரு பிரேசர் டவுனின் மாஸ்க் ரோட்டோரம் இரவெல்லாம் நின்ற பைக்கின் சீட்டைத் தடவிப் பாருங்கள். கை நனையும். அதே நேரம் ஊட்டி அருகே தலைக்குந்தாவில் புல்லின் மேல் வெள்ளைப் படலம். இரண்டும் மேகத்திலிருந்து விழுந்தவை அல்ல.

பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் தரை வெளியே விடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை. வெப்பம் எளிதில் தப்பாது. வானம் தெளிந்து, காற்றும் அடங்கினால்? தரை மளமளவென்று குளிரும். அதைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் துளியாகிவிடும். தரை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால், ஈரம் நேராகப் பனிக்கட்டியாகவே படியும். அதுதான் உறைபனி.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம்; அதனால் குளிரும் அதிகம். அங்கே குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கி, பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டைவிடப் பள்ளத்தில் உறைபனி அதிகம். தேயிலைக் கொழுந்து கருகுவதும் அங்கேதான்.

பெங்களூரு சுமார் 920 மீட்டர்தான். இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி, 1884 ஜனவரியில். போதாததற்கு, நம் தார்ச்சாலையும் கான்கிரீட் சுவரும் இரவிலும் வெப்பம் கக்குகின்றன. அதனால் இங்கே பனித்துளியோடு நின்றுவிடுகிறது.

உறைபனியைப் பார்க்க ஊட்டி போகிறீர்களா? சூரியன் ஏறுமுன் பள்ளத்துப் புல்வெளிக்குப் போய்விடுங்கள்.