கூரை திறக்கும் காரின் மைலேஜ் கணக்கு

மெர்சிடிஸ் பென்ஸின் எஸ்எல் 1950களிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும் கூரை திறக்கும் சொகுசுக் கார். 2012இல் அறிமுகமான தலைமுறையில், ஆறு சிலிண்டர் கொண்ட எஸ்எல் 350 மாடல் 100 கிலோமீட்டருக்கு 6.8 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. லிட்டருக்கு 14.7 கிலோமீட்டர். பத்து ஆண்டு கழித்து வந்த எஸ்எல் 43இல் சிலிண்டர் நான்குதான். ஆனால் அறிவித்த செலவோ 8.9 முதல் 9.4 லிட்டர் வரை. பத்தாண்டில் கார் பின்னால் போய்விட்டதா? இல்லை. இடையில் சோதனை முறையே மாறிவிட்டது. அதைக் கவனிக்காமல் இரண்டு ஆண்டுகளின் மைலேஜை அருகருகே வைப்பது நம்மைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

ஐரோப்பாவின் பழைய சோதனை ஓட்டம் சுமார் 20 நிமிடம், 11 கிலோமீட்டர். அதில் கிட்டத்தட்ட கால்வாசி நேரம் கார் நின்றுகொண்டே இருக்கும். நிற்கும்போது எஞ்சினைத் தானாக அணைக்கும் வசதி உள்ள காருக்கு அந்த நேரமெல்லாம் லாபம். 2012 எஸ்எல்லில் அந்த வசதி உண்டு. 2017இலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய ஓட்டமோ 30 நிமிடம், 23 கிலோமீட்டர். உச்சவேகம் மணிக்கு 131 கிமீ, நிற்கும் நேரமும் குறைவு. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பதால் செலவு ஏறித்தான் காட்டும்.

அதற்காகப் பழைய எண்களெல்லாம் வெறும் கண்கட்டு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ஒரே சோதனைக்குள் ஒப்பிட்டால் உண்மையான முன்னேற்றம் தெரிகிறது. கூரையை எடுத்துவிட்டால் காரின் உடல் முறுக்கைத் தாங்காது. அடிப்பகுதியையும் கண்ணாடிச் சட்டத்தையும் வலுவாக்கியே தீரவேண்டும், எடை கூடும். 2012 எஸ்எல்லின் உடற்கூட்டை அலுமினியத்தில் செய்து 254 கிலோவுக்குள் அடக்கினார்கள். எஃகில் செய்திருந்தால் 110 கிலோ கூடியிருக்கும். முன் கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள் மட்டும், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க, எஃகுக் குழாய் இருந்தது. அந்த ஆண்டின் எஸ்எல் 500, 4.7 லிட்டர் டர்போ எஞ்சினோடு 9.1 லிட்டரில் நின்றது. முந்தைய மாடலைவிட 22 சதவீதம் குறைவு. பாராட்டத்தக்க பொறியியல் இது.

ஆனால் அதே எஸ்எல் 500இன் ஆற்றல் முந்தைய மாடலின் 388 குதிரைத்திறனிலிருந்து 435 ஆக உயர்ந்தது. மிச்சமானதில் ஒரு பங்கு வேகத்துக்குப் போய்விட்டது என்பதே என் முடிவு. பயன்படுத்தாத ஆற்றலுக்கு ஏது செலவு என்று கேட்கலாம். பெரிய எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் உராய்வுக்கும், பாதி மூடிய வழியே காற்றை இழுப்பதற்கும் எரிபொருளைச் செலவழிக்கிறது. அதற்கேற்ற அகலமான டயரும் பெரிய பிரேக்கும் எப்போதும் சுமைதான். சொகுசுக் கார் வாங்குபவருக்கு மைலேஜ் எதற்கு என்ற கேள்விக்குப் பதிலை அமெரிக்கச் சட்டத்திலேயே பார்க்கலாம். குறைந்த மைலேஜ் தரும் கார்களுக்கு அங்கே 1980 மாடல்களிலிருந்து தனி வரி உண்டு. பெரிய எஞ்சினின் செலவு புதிய சோதனைக்குள்ளேயே பார்த்தாலும் தெளிவு: 381 குதிரைத்திறன் எஸ்எல் 43 லிட்டருக்குச் சுமார் 11 கிலோமீட்டர் தருகிறது, அதே தலைமுறையின் எட்டு சிலிண்டர் எஸ்எல் 55 தருவது எட்டுதான்.