நடுப்பொறி வண்டிகளும் அவற்றை உடையாரும்

ஒரு பொருளைப் பெறுதல் வேறு; பெற்ற பொருளைப் பேணுதல் வேறு. முன்னதற்குப் பணம் ஒன்றே போதும். பின்னதற்குப் பணத்தோடு அறிவும் பொறுமையும் வேண்டும். இவ்வுண்மை எல்லா உடைமைக்கும் பொதுவாயினும், 1960ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதி தொடங்கி 1990 வரை இத்தாலி நாட்டிற் செய்யப்பெற்ற நடுப்பொறி விரைவு வண்டிகளுக்கு மிகச் சிறப்பாகப் பொருந்தும். ஸ்போர்ட்ஸ் கார் என வழங்கும் அவ்வண்டிகளின் இயல்பு யாது, அவை தம்முள் எவ்வாறு வேறுபடுகின்றன, அவற்றை உடையார்க்கு நேரும் இன்பதுன்பங்கள் எவை என்பனவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம். அவற்றுள் ஒன்றையேனும் உடைமையாகக் கொள்ளும் பேறு மாணவராகிய எமக்கு இல்லை. படத்திலும் ஏட்டிலுமே கண்டு பழகியுள்ளோம். ஆயினும், ஒரு பொருளை விரும்பி ஆராய்வதற்கு அதனை உடைமையாகக் கொண்டிருத்தல் இன்றியமையாததன்று என்பது எம் துணிவு.

முதற்கண், நடுப்பொறி என்பது யாதெனக் காண்போம். மோட்டார் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னே அமைந்திருக்கும். சிலவற்றில் அது பின்னச்சுக்கும் பின்னே தொங்கும். இவ்விரண்டுமின்றி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னும் பின்னச்சுக்கு முன்னுமாக அஃது அமையுமாயின், அவ்வண்டியை நடுப்பொறி வண்டி என்கிறோம். இவ்வமைப்பின் பயனை ஓர் எளிய சோதனையால் உணரலாம். ஒரு கோலின் இரு முனையிலும் இரண்டு கற்களைக் கட்டி, நடுவிற் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள், கை வருந்தும். அவ்விரு கற்களையும் கோலின் நடுவிலேயே கட்டிச் சுழற்றுங்கள். கோல் எளிதில் திரும்பும். வண்டியிலுள்ள பொருள்களுள் மிக்க பாரமுடையது எஞ்சினே. அப்பாரம் நடுவில் நிற்குமாயின் வண்டி வளைவுகளில் விரைந்து திரும்பும். பின்சக்கரங்களின் மீது போதிய பாரம் நிற்றலால், அவை தரையை நன்கு பற்றி உந்தவும் செய்யும்.

நிற்க. எளிதில் திரும்பும் வண்டி எளிதிற் சுழன்றும் போம் என்பதை மறத்தலாகாது. வளைவின் நடுவே அஞ்சி, விசையைத் திடீரெனக் குறைக்கும் ஓட்டுநரை, பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து சுழல வைத்துவிடும். இதுவன்றியும், எஞ்சின் முதுகிற்குப் பின்னிருத்தலின் வெப்பமும் ஓசையும் அமர்ந்திருப்பாரை வந்து தாக்கும். பெட்டி வைக்க இடம் குறுகும். பின்னோக்கிப் பார்த்தல் அரிதாகும். பழுது பார்ப்போன் கை உட்புகவும் இடமிராது. ஆகவே, இவ்வமைப்பு பந்தயத்திற்கு உரிய நற்குணங்களையும், அன்றாட வாழ்க்கைக்கு ஒவ்வாத குறைகளையும் ஒருங்கே உடையது.

பந்தய உலகில் இதன் மேன்மையை நிலைநாட்டியோர் இத்தாலியர் அல்லர், ஆங்கிலேயரே. 1958இல் அர்ஜென்டினாவில் நிகழ்ந்த பெரும்பந்தயத்தில் கூப்பர் என்னும் சிறு நிறுவனத்தின் நடுப்பொறி வண்டி ஸ்டர்லிங் மாஸ் என்பாரால் ஓட்டப்பெற்று வென்றது. 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்நிறுவனத்து வண்டியிலேயே ஜாக் பிராபம் உலகப் பட்டம் பெற்றார். எருது முன்னின்று வண்டியை இழுக்கவேண்டுமேயன்றிப் பின்னின்று தள்ளலாகாது என்பது என்ஸோ பெராரியின் கருத்தாக வழங்கி வருகின்றது. ஆயினும் காலம் அவர் மனத்தையும் மாற்றியது. 1961இல் அவருடைய நடுப்பொறிப் பந்தய வண்டியே பில் ஹில் என்பாருக்கு உலகப் பட்டம் ஈட்டித் தந்தது. எனினும், பொதுமக்கள் சாலையில் ஓட்டும் வண்டியில் இவ்வமைப்பைப் புகுத்துவதற்கு அவர் நெடுங்காலம் தயங்கினார். பழகாத கைகளில் அது தீங்கு விளைக்கும் என அவர் அஞ்சியதே அதற்குக் காரணம்.

அத்தயக்கம் இல்லாதவர் மூவர் இளைஞர். உழவு டிராக்டர் செய்து பொருளீட்டிய பெரூச்சியோ லம்போர்கினி, 1963இல் சந்தாகாதா என்னும் சிற்றூரில் வண்டித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அங்குப் பணியாற்றிய ஜியான் பாவ்லோ தல்லாரா, பாவ்லோ ஸ்தன்சானி, பாப் வாலஸ் என்னும் மூவரும் முப்பது வயதை எட்டாதவர்கள். 12 சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே கிடத்தி, அதன் கூட்டையும் கியர்ப் பெட்டியையும் ஒரே வார்ப்பாக அமைத்து, ஓட்டுநருக்குப் பின்னே பொருத்த அவர்கள் திட்டமிட்டனர். 1965இல் டுரின் கண்காட்சியில் உடற்கூடு இல்லாத வெறுஞ்சட்டமே வைக்கப்பெற்றது; அதனைக் கண்டே பலர் வண்டியை விலைபேசலாயினர். பெர்தோனே பட்டறையில் இருந்த மார்செல்லோ காந்தினி அதற்கு உடல் வனைந்தார். அவரும் அன்று முப்பது வயது நிரம்பாதவரே. 1966இல் ஜெனீவாவில் அரங்கேறிய அவ்வண்டியே மியூரா என்பது. 3,929 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 350 குதிரைத்திறனும் உடையதாகத் தோன்றிய அது, 1971இல் வெளிவந்த வகையில் 385 குதிரைத்திறன் பெற்று, 1973இல் முடிவெய்தியது.

மியூராவின் அழகைப் புகழாதார் இலர். ஆயின் அதனை உடையார் அறிந்த குறைகள் மூன்று. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொண்டன. பற்சக்கரத்தில் தேய்ந்த இரும்புத் துகள் எஞ்சினுள்ளும் சென்றது. கடைசியாகச் செய்யப்பெற்ற சில வண்டிகளிலேதான் இவ்விரண்டும் பிரிக்கப்பட்டன. பெட்ரோல் தொட்டி முன்புறம் இருந்தமையால், அது காலியாகக் காலியாக முன்பக்கம் இலேசாகி, மிக்க வேகத்தில் மேலெழ முயன்றது. மூன்றாவது குறை மிகக் கொடியது. பந்தயத்திற்கென அமைந்த அதன் கார்புரேட்டர்களில், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுங்கால், பெட்ரோல் வழிந்து தேங்குவதுண்டு. கீழே கொதிக்கும் எஞ்சின். மேலே தேங்கிய பெட்ரோல். இவ்வாறு தீக்கிரையான மியூராக்கள் சில.

இதற்கு முற்றும் மாறான இயல்புடையது டீனோ. என்ஸோ பெராரியின் மகன் ஆல்பிரேதோ, டீனோ எனச் செல்லமாக அழைக்கப்பெற்றவர், 1956இல் தம் 24ஆம் வயதில் தசை நோயால் இறந்தார். 6 சிலிண்டர் எஞ்சின் ஒன்றிற்கான எண்ணத்தில் அவர் ஈடுபட்டிருந்தமையின், அவ்வகை எஞ்சின்களுக்குத் தந்தையார் மகன் பெயரையே இட்டு வழங்கினார். 1967ஆம் ஆண்டின் இரண்டாம் தரப் பந்தய விதிகள், 500 எண்ணிக்கைக்குக் குறையாமற் செய்யப்பெற்ற வண்டியின் எஞ்சினையே பயன்படுத்தவேண்டும் என்றன. அத்துணை செய்யும் ஆற்றல் பெராரிக்கு இல்லாமையால் பியாட் நிறுவனம் கைகொடுத்தது. இங்ஙனம் பிறந்த எஞ்சினைக் குறுக்கே நடுவில் தாங்கி வந்தது டீனோ 206. அதனைத் தொடர்ந்து 1969இல் 2.4 லிட்டர் கொள்ளளவும் 195 குதிரைத்திறனும் உடைய 246 வந்தது. வண்டியில் பெராரி என்னும் பெயரோ குதிரைச் சின்னமோ பொறிக்கப்படவில்லை. மகன் பெயர் மட்டுமே இருந்தது. மியூராவின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியே உடையதாயினும், அடக்கமும் சமநிலையும் வாய்ந்தது இது. ஆயின் 246இன் எஃகு உடல் துருவுக்கு இரையாகும். பயணியறைச் சுவரை ஒட்டிய சிலிண்டர்களை எட்டுதலும் எளிதன்று.

இனி ஏனையவற்றைக் காண்போம். லம்போர்கினியின் கவுண்டாக் 1971இல் காட்சிக்கு வந்து, 1974 முதல் 1990 வரை செய்யப்பெற்றது. காந்தினியே இதனையும் வனைந்தார். இதில் எஞ்சின் நெடுக்காகக் கிடத்தப்பெற்று, கியர்ப் பெட்டி இருக்கைகளுக்கிடையே முன்னோக்கி நிற்கும். பின்னே பார்க்க வழியின்மையின், மேல்நோக்கித் திறக்கும் கதவைத் தூக்கி, வாயிற்படிமீது அமர்ந்து, தலையை வெளியே நீட்டியே பின்னுக்கு ஓட்டுவர். மாசராட்டியின் போரா 1971 முதல் 1978 வரை வந்தது. ஜோர்ஜெத்தோ ஜியூஜியாரோ வனைந்த அவ்வண்டியில் பயணியறைக்கும் எஞ்சினுக்குமிடையே இரட்டைக் கண்ணாடி இட்டு ஓசையை அடக்கினர். முன்புறம் பெட்டி வைக்கவும் தக்க இடம் உண்டு. அக்காலத்தில் அந்நிறுவனம் பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயனுக்கு உட்பட்டிருந்தமையால், பிரேக்குகள் முதலியன அழுத்த எண்ணெயால் இயங்கின. அதற்கெனத் தனியெண்ணெய் உண்டு. அறியாதான் ஒருவன் பொதுவான பிரேக் எண்ணெயை ஊற்றுவானாயின் ரப்பர் அடைப்புகள் அனைத்தும் கெடும். தெ தொமாசோவின் பந்தேரா 1971இல் தோன்றியது. உடல் இத்தாலியது, எஞ்சினோ அமெரிக்க நாட்டு போர்டு நிறுவனத்தின் 5.8 லிட்டர் எஞ்சின். பெருவாரியாகச் செய்யப்பெற்ற எஞ்சின் ஆதலின் உறுப்புகள் குறைந்த விலையில் கிடைக்கும்; பழுது பார்ப்போரும் பலர். துருவும், தொடக்கத்து வண்டிகளில் மிகைவெப்பமும் அதன் பகைகள்.

இனி, உடையார் அறியவேண்டுவனவற்றுள் தலையாயது ஒன்று உண்டு. எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடும் தண்டுகளை மியூராவும் டீனோவும் இரும்புச் சங்கிலியால் இயக்கின. 1975இல் வந்த பெராரி 308 முதலியவை பல்லுடைய ரப்பர் பெல்ட்டால் இயக்கின. பெல்ட் அறுமாயின் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் பாழாகும். ஆகவே சில ஆண்டுகளுக்கொருமுறை அதனை மாற்றியே தீரவேண்டும். 308இல் எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். 1984இல் வந்த டெஸ்டரோசாவிலோ எஞ்சினையே வெளியே எடுத்தாக வேண்டும். ஓட்டிய தொலைவு மட்டுமன்று, கழிந்த ஆண்டுகளும் ரப்பரைக் கெடுக்கும் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. வண்டியை ஓட்டாமற் பூட்டி வைத்தவனும் பெல்ட் மாற்றும் செலவினின்று தப்பான்.

இவ்விடத்தே எம் உள்ளத்தை உறுத்தும் வினாவொன்று எழுகின்றது. இவ்வண்டிகள் ஒருகாலத்தில் பழைய வண்டிகளாகக் குறைந்த விலைக்குக் கைமாறின. இன்றோ மியூராவின் விலை மாளிகையின் விலையை ஒக்கும். விலை ஏற ஏற, உடையார் அச்சமும் ஏறுகின்றது. ஓட்டினால் மதிப்புக் குறையுமென அஞ்சி வண்டியைப் பூட்டி வைக்கின்றனர். பூட்டிய அறையில் நிகழ்வது யாது? பெட்ரோல் பழுதாகிக் கசடு படிகின்றது. அடைப்புகள் உலர்ந்து வெடிக்கின்றன. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை அரிக்கின்றது. காப்பதற்கென்று செய்த செயலே அழிப்பதற்குக் காரணமாகின்றது. மற்றொரு சாரார், தொழிற்சாலையில் இட்ட உறுப்பு எதனையும் மாற்றலாகாது என்பர். சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் ஒத்திருத்தலே வண்டியின் குலச்சான்று ஆதலின், அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும், 50 ஆண்டு கண்ட பெட்ரோல் குழாயையும் அவ்வாறே விட்டுவைக்கலாமோ? இக்காலத்துப் பெட்ரோலிற் கலக்கும் எத்தனால் அப்பழைய ரப்பரை அரிக்கவல்லது. குழாய் கசிந்து வண்டி எரியுமாயின், எரிந்துபோவது குழாய் மட்டுமன்று. காந்தினியின் கைவண்ணமும் உடன் எரியும். பழமையைக் காத்தல் என்பது பழைய ரப்பரைக் காத்தலன்று. உயிர்நிலையான உறுப்புகளைப் புதுக்கி, கழற்றிய பழம்பொருளைப் பெட்டியில் இட்டு வைத்து, பின்வருவோர் விரும்பின் மீண்டும் பூட்டுதற்கு வழிசெய்தலே நடுநிலையான நெறி என யாம் கருதுகின்றோம்.

ஒப்பிட்டு முடிவு கூறின், கண்ணுக்கு மியூரா, வியப்புக்குக் கவுண்டாக், நெடும்பயணத்திற்குப் போரா, செலவஞ்சுவார்க்குப் பந்தேரா, ஓட்டும் இன்பத்திற்கு டீனோ எனலாம். எமக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாய்க்குமாயின் டீனோவையே விரும்புவோம். வலிமையைக் காட்டிலும் அளவறிந்த வலிமை பெரிது என்பதை அஃது உணர்த்துகின்றது.

இவையனைத்தும் செல்வர்க்கே உரியனவோ எனின், அன்று. 1972இல் பியாட் நிறுவனம் எக்ஸ் 1/9 என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. குடும்ப வண்டியொன்றின் 1,290 கன சென்டிமீட்டர் எஞ்சினை எடுத்து ஓட்டுநருக்குப் பின்னே வைத்தனர். உடலை வனைந்தவர் அதே காந்தினி. மியூரா எண்ணூறும் நிரம்பவில்லை. இச்சிறு வண்டியோ 1,40,000க்கு மேல் விற்றது. நடுவிற் பாரம் வைத்தால் எளிதிற் சுழலும் என்னும் இயற்கை விதி, கோடி கொடுத்தான் வண்டியிலும் சில ஆயிரம் கொடுத்தான் வண்டியிலும் ஒன்றே. யானையை வாங்குதல் அரிதன்று, அதற்குத் தீனியிடுதலே அரிது என்பது நம்மவர் வழக்கு. தீனியிட வல்லான் சிறு வண்டியை உடையானாயினும் அவனே உடையான்; வல்லாதான் மியூராவையே பூட்டி வைத்திருப்பினும் அதற்குக் காவற்காரனும் ஆகான்.