"ஒத்த நம்பர்ல போச்சு, அண்ணாச்சி!"

குற்றாலத்திலே சாரல்! ஆனி பிறந்தால் மேற்கு மலையிலே மேகம் இறங்கும், பேரருவி முழங்கும், ஐந்தருவி ஆர்ப்பரிக்கும். குளிக்க வருவோர் கூட்டம் ஒருபுறம். அந்தக் கூட்டத்தின் மடியை அவிழ்க்க வருவோர் கூட்டம் மறுபுறம்! வளையம் வீசு, பொருளை எடு என்பான் ஒருவன். பலூனைச் சுடு என்பான் இன்னொருவன். அது பிள்ளைகள் விளையாட்டு, போகட்டும். ஆனால், கூட்டம் கூடுகிற இடங்களிலே, கோயில் கொடை நடக்கிற ஊர்களிலே, இருட்டுகிற நேரமாகப் பார்த்து, ஆறு படம் போட்ட துணியை விரித்து உட்காருகிறானே ஒருவன், போலீஸ்காரர் தலை தெரிந்ததும் துணியைச் சுருட்டிக்கொண்டு மறைகிறானே, அவனைத் தோழர்கள் அறிவீர்கள். லங்கர் கட்டைக்காரன்!

லங்கர் என்றால் நங்கூரம். ஆங்கிலக் கப்பற்காரர்கள் ஆடிய "கிரீடமும் நங்கூரமும்" என்ற ஆட்டந்தான் கரையேறி, நம் திருவிழாவுக்குள் நுழைந்துவிட்டது. மூன்று கட்டை. ஒவ்வொன்றிலும் ஆறு படம். நீங்கள் கட்டிய படம் ஒரு கட்டையில் விழுந்தால் ஒரு பங்கு, இரண்டில் விழுந்தால் இரு பங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று பங்கு, கட்டிய பணத்தோடு சேர்த்துத் தருவான். எவ்வளவு தாராளம்! எவ்வளவு நியாயம்!

நியாயத்தைக் கணக்குப் பார்ப்போமா? ஆறு பேர், ஆறு படத்தில், ஆளுக்குப் பத்து ரூபாய். துணிமேல் 60 ரூபாய். மூன்று கட்டையிலும் வெவ்வேறு படம் விழுந்தால் மூவருக்கு ஆளுக்கு 20. வந்த பணம் போயிற்று, கட்டைக்காரனுக்கு ஒன்றுமில்லை. இரண்டு கட்டையில் ஒரே படம் விழுந்தால் ஒருவனுக்கு 30, மற்றொருவனுக்கு 20. மிச்சம் பத்து ரூபாய் அவன் மடியில். மூன்றிலும் ஒரே படம் விழுந்தால் "அடிச்சாண்டா மூணு!" என்று கூட்டம் கூத்தாடும். ஜெயித்தவன் கைக்கு 40. கூட்டம் கூத்தாடுகிற அந்த நேரத்திலேதான் கட்டைக்காரனுக்கு 20 ரூபாய் லாபம்! கட்டை விழக்கூடிய விதம் 216. அதில் 120 விதத்தில் அவனுக்கு லாபமுமில்லை, நட்டமுமில்லை. 96 விதத்தில் லாபம். நட்டம் வருகிற விதம்? ஒன்றுகூட இல்லை! நூறு ரூபாய் துணிமேல் புரண்டால் ஏறத்தாழ எட்டு ரூபாய் அவனுக்கு ஒதுங்கும். கட்டையிலே ஈயம் வைக்காத யோக்கியன் கணக்கு இது. ஈயம் வைத்தவன் கணக்கைக் கேட்காதீர்கள்.

இந்த மூன்று கட்டையையும் மூன்று சக்கரமாக்கி, ஒரு இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, பக்கத்திலே ஒரு கைப்பிடி வைத்தால் என்ன ஆகும்? சூதாட்ட யந்திரம் ஆகும்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே அதைச் செய்தவன் சார்லஸ் ஃபே என்கிற மெக்கானிக். ஜெர்மனியிலிருந்து பிழைக்கப் போனவன். சுதந்திர மணி என்று பெயர் வைத்தான். ஐந்து சென்ட் காசு போட்டு, கைப்பிடியை இழுத்து, மூன்று சக்கரத்திலும் மணிப் படம் வரிசையாக நின்றால் ஐம்பது சென்ட். சக்கரத்துக்குப் பத்து இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தைப் பத்தால் பெருக்கி, மறுபடி பத்தால் பெருக்கினால் ஆயிரம். ஆயிரத்தில் ஒரு தடவை மூன்று மணி! யந்திரத்துக்கு அமெரிக்கர்களே வைத்த பட்டப் பெயர் "ஒற்றைக் கைக் கொள்ளைக்காரன்". அவர்களாவது உண்மையைச் சொன்னார்கள்.

பிறகு வந்தது கம்ப்யூட்டர். 1984-இல் அமெரிக்காவிலே ஒரு காப்புரிமை கொடுக்கப்பட்டது. அதன்படி, கண்ணெதிரே சுழல்கிற சக்கரம் வெறும் வேஷம். உள்ளே கம்ப்யூட்டர் ஓர் எண்ணைப் பொறுக்கி எடுத்துவிடுகிறது. சக்கரம் எங்கே நிற்கவேண்டும் என்று அதுதான் உத்தரவு போடுகிறது. ஆகவே பரிசுப் படம் கோட்டிலே வந்து நிற்பதை அரிதாக்கலாம்; கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை, கீழே ஒரு விரற்கடை தள்ளி நிற்பதை அடிக்கடி நிகழ்த்தலாம். ஆடுகிறவன் என்ன நினைக்கிறான்? "அடடா, கொஞ்சத்திலே தவறிற்றே!" என்று நினைக்கிறான். தோற்றோம் என்று நினைப்பதில்லை! கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் ஆடுகிறவர்களின் மூளையையே படம் பிடித்துப் பார்த்தார்கள். "கொஞ்சத்தில் தவறியது" என்கிறபோது, வென்றபோது கிளர்ச்சி கொள்ளும் அதே பகுதிகள் கிளர்ச்சி கொண்டன. தோல்விக்கு வெற்றியின் வேஷம் போட்டு விற்பதுதான் அந்த யந்திரத்தின் முழு வியாபாரம்.

"எங்கள் தென்காசியிலே அந்த யந்திரம் ஏது? எதற்கு இந்தக் கதை?" என்று கேட்கலாம். இரும்புப் பெட்டி இங்கே இல்லைதான். அது கோவாவிலே இருக்கிறது. 1992-இல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்குள் அதைச் சட்டம் அனுமதித்தது, 1996-இல் கப்பலிலும் சூதாடலாம் என்றது. சிக்கிமிலே இருக்கிறது. கடல் தாண்டினால் கொழும்பிலே இருக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை! 2020 பிப்ரவரி முதல் கோவா அரசு, கோவாக்காரர் சூதாட்ட விடுதிக்குள் ஆடப் போகக்கூடாது என்று தடுத்துவிட்டது. நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலே, வெளிநாட்டான் சும்மா உள்ளே போகலாம்; சொந்தக் குடிமகன் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டித்தான் வாசலை மிதிக்கலாம். சமைத்தவன் தன் பிள்ளைக்குப் பரிமாறாத பண்டத்தை ஊராருக்கு விளம்புகிறான் என்றால், பண்டத்தின் யோக்கியதை எப்படி இருக்கும்?

பெட்டி இல்லை, ஆனால் பெட்டியின் தம்பி இங்கே இருக்கிறான். தென்காசி பஸ் நிலையத்திலே மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் நம்மிடம் கைப்பேசியை நீட்டினார். திருவனந்தபுரத்திலே, கோர்க்கி பவனிலே, மாலை 3 மணிக்குக் கேரள லாட்டரி குலுக்கல். அதன் முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் இங்கே பந்தயம். சீட்டும் கிடையாது, முத்திரையும் கிடையாது. டீக்கடை ஓரத்திலே ஒரு துண்டுக் காகிதம், அல்லது வாட்ஸப்பிலே ஒரு வரி. மூன்று நம்பர் லாட்டரி! தோழர் கட்டியது 647. வந்தது 648.

"ஒத்த நம்பர்ல போச்சு, அண்ணாச்சி!"

அந்த முகத்திலே வருத்தமில்லை, தோழர்களே! ஒரு பூரிப்பு இருந்தது. ஏறக்குறையப் பிடித்துவிட்ட பூரிப்பு! அங்கே நாம் பயந்தோம். மூன்று இலக்கம், ஆயிரம் எண்கள். 648 வந்த அன்றைக்கு 647 கட்டியவனும் தோற்றான், 111 கட்டியவனும் தோற்றான். பக்கத்து எண் என்பதற்காகப் பாதிப் பரிசா கொடுத்தான்? சார்லஸ் ஃபேயின் சக்கரத்துக்கு நாம் போட்ட அதே ஆயிரம், அதே "கொஞ்சத்திலே தவறிற்று".

இன்னொரு ஆயிரமும் நம் வட்டாரத்திலே உண்டு. கடையத்திலும் ஆலங்குளத்திலும் தென்காசியைச் சுற்றிய ஊர்களிலும் வீட்டுத் திண்ணைதோறும் நம் தாய்மாரும் தங்கைமாரும் மடியில் சுளகை வைத்து பீடி சுற்றுகிறார்களே, அவர்கள் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, மடக்கி, நூல் கட்டி, ஆயிரம் தடவை விரல் மடங்கினால் ஒரு கூலி. கொடுத்த இலை பற்றாவிட்டால் கைக்காசு போட்டுக் கடையிலே இலை வாங்கவேண்டும். அந்தக் காசிலேதான் 647 கட்டப்பட்டது, தோழரே சொன்னார். ஒரு ஆயிரத்தை உழைத்து முடித்த காசு, இன்னொரு ஆயிரத்தின் வாயிலே விழுந்தது!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தெரிந்துகொள்வது நல்லது, பிடிபட்ட பிறகு தெரிந்து பயனில்லை. நம் மாநிலத்தின் அடிப்படைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்து 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம். லாபத்துக்காகச் சூதாட்டக் கருவி வைத்திருக்கிற வீடு, அறை, கூடாரம், வண்டி, படகு எதுவானாலும் சூதாட்ட விடுதிதான். நடத்துகிறவனும் குற்றவாளி, ஆடுகிறவனும் குற்றவாளி. வெறும் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு மட்டும் விலக்கு. அதிர்ஷ்டமா, திறமையா என்ற இந்தக் கேள்வியிலேதான் பெரிய வக்கீல்களுக்குப் பிழைப்பு! சூதாட்டம் வணிகம் ஆகாது, அதை நடத்த அடிப்படை உரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம், 1957-இல். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது 1968-இல். குதிரைப் பந்தயமும் திறமைதான் என்றது 1996-இல். கிண்டிக் குதிரைக்குத் திறமை உண்டு. நம் தோழரின் 647-க்கு இல்லை! சட்டத்தின் கண்ணில் லங்கர் கட்டையும் சக்கர யந்திரமும் மூன்று நம்பரும் ஒரே சாதி: சுத்தமான அதிர்ஷ்டம்.

ரம்மி திறமை என்ற வாசல் வழியே கைப்பேசிக்குள் புகுந்தார்கள் ஆன்லைன் முதலாளிகள். கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2021-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2022-இல் நீதிபதி சந்துரு குழு; அந்த ஆண்டே மசோதா; ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல். நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ரம்மி, போக்கர் மீதான தடை மட்டும் செல்லாது என்றது. 2025 ஆகஸ்டிலே நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் செய்தது. இத்தனை சட்டம் தேவைப்பட்டது ஒரு சீட்டுக்கட்டை மடக்க!

லாட்டரி விஷயம் தனி. அரசு நடத்தினால் திட்டம்; ஆள் நடத்தினால் குற்றம். ஒரு மாநிலம் மற்ற மாநிலத்துச் சீட்டைத் தன் எல்லைக்குள் தடுக்கலாம் என்கிறது 1998-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். கேரளம் 1967-இல் தொடங்கியது. நம்மிடத்திலும் மறைக்க ஒன்றுமில்லை: 1968-இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதுதான் தமிழக அரசின் பரிசுச் சீட்டு பிறந்தது. கருவூலத்துக்குக் காசு வேண்டியிருந்தது. 1975-இல் கலைஞர் அரசு அதை ஒழித்தது. பிறகு வந்த ஆட்சியில் மீண்டும் முளைத்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது. யார் செய்தால் என்ன, செய்தது சரி என்போம். சீட்டு விற்றுப் பிழைத்த மாற்றுத் திறனாளிகள் தெருவில் நின்றதையும் மறக்கமாட்டோம். அவர்களுக்கு முன்கூட்டியே வழி செய்திருக்கவேண்டும்.

ஆனால் தடை எல்லைக் கோட்டோடு நிற்கிறதே! 1956 நவம்பர் முதல் நாள் செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது. சேராதிருந்தால் இன்று செங்கோட்டைக் கடைத்தெருவிலே சீட்டு சட்டப்படி தொங்கும். இப்போது புளியரை தாண்டி, மலை ஏறி, ஆரியங்காவில் இறங்கினால் தொங்குகிறது. அங்கே வாங்குவது வியாபாரம். அதை இங்கே கொண்டுவந்து விற்பது குற்றம். கேரள அரசின் சீட்டு காகிதத்தில் மட்டுந்தான், ஆன்லைனில் விற்பனை கிடையாது என்பதையும் தோழர்கள் குறித்துக்கொள்க. வாட்ஸப்பில் "கேரளா சீட்டு" என்று படம் அனுப்புகிறவன் பெரும்பாலும் மோசடிக்காரன். உண்மையான பரிசிலும் 10,000 ரூபாய்க்கு மேல் போனால் நூற்றுக்கு 30 வருமான வரி.

பழைய கதையிலே ஒரு மன்னன் நாட்டை வைத்து ஆடினான், போயிற்று. தம்பியரை வைத்தான், போயினர். மனைவியை வைத்தான்! அவனுக்குப் பெயர் தருமன்! இலைக் காசை வைத்த மூட்டைத் தொழிலாளிக்குப் பெயர் சூதாடி! போலீஸ் ஜீப்பிலே ஏறுகிறவன் அவனும், துண்டுக் காகிதம் எழுதிய பையனுமே. அந்தக் காகிதங்கள் எல்லாம் எந்த வீட்டுக்குப் போய்ச் சேருகின்றன, வசூல் எந்தப் பெட்டியிலே நிரம்புகிறது என்று ஜீப் போய்ப் பார்க்கட்டும். கிளைக் கழகத் தோழர்கள் அதைக் கேட்கவேண்டும். காவல் நிலையத்திலே மனுவாகக் கேட்கவேண்டும். மனு கொடுக்கப் போகிற தோழர் சட்டைப் பையிலே துண்டுக் காகிதம் இருக்கக்கூடாது!

ஆயிரம் எண் கணக்கை அந்தத் தோழருக்கும் சொன்னோம். கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார். குற்றாலம் போகும் பஸ் வந்தது. மூட்டையை ஏற்றிவிட்டு, தலைத்துண்டை உதறிக்கொண்டே திரும்பி வந்தார்.

"அதெல்லாம் சரிதான் அண்ணாச்சி. நாளைக்கு 649 கட்டலாமா?"