மணலில் ஏறும் கப்பல்

கொஸ்லந்த பஜாரில் மழைக்கு ஒதுங்கி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். யுத்தப் படம் ஒன்று பார்த்திருந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, துறைமுகமே இல்லாத கரையில கப்பல் எப்படி லொறிய எறக்குது?"

கடைக்காரரிடம் பேசினில் தண்ணீர் வாங்கி, தீப்பெட்டியின் உள்தட்டை மிதக்கவிட்டேன். அதன் பின்பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்ததும் பின்புறம் தாழ்ந்தது, முன்புறம் தூக்கிக்கொண்டது. "இதாண்டா சூட்சுமம்" என்றேன்.

எல்.எஸ்.டி. என்ற அந்தக் கப்பலை 1941 நவம்பரில் அமெரிக்கக் கடற்படையின் ஜான் நீடர்மையர் வரைந்தார். நீளம் 328 அடி. நடுக்கடலைத் தாண்ட வேண்டுமானால் கப்பல் ஆழமாக அமிழ வேண்டும். கரையேற வேண்டுமானால் அமிழவே கூடாது. இரண்டுக்கும் அவர் கண்ட வழி தண்ணீர்த் தொட்டிகள். கடலில் அவற்றை நிரப்பினால் கப்பல் கனத்துத் தாழும். கரை நெருங்கியதும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டால் முன்பக்கம் 3 அடி, பின்பக்கம் ஏறத்தாழ 9½ அடிதான் நீருக்குள் இருக்கும். அதாவது, 50 அடிக்கு ஓர் அடி சரியும் கடற்கரையில் அடிவயிறு அப்படியே படியும். பிறகு மூக்கிலுள்ள இரண்டு கதவுகளும் விரியும், சாய்தளம் இறங்கும், டாங்கிகள் ஓடி வெளியேறும்.

"திரும்பிப் போறது?"

நல்ல கேள்வி. கரைக்கு வரும்போதே பின்னால் ஒரு நங்கூரத்தைப் போட்டுவிட்டு வருவார்கள். வேலை முடிந்ததும் அதன் கம்பிவடத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தால் கப்பல் பின்வாங்கும். அமெரிக்கா மட்டும் இப்படி 1,000க்கு மேல் கட்டியது. பிரிட்டன் கட்டிய ஒன்று 1949இல் இந்தியாவுக்கு வந்து 'மகர்' என்று பெயர் பெற்றது.

ஆனால் கப்பல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் கரை ஒத்துழைக்க வேண்டுமே. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியாவின் நேசநாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் நம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. மலாயாவில் படை இறக்கும் 'சிப்பர்' திட்டம் அவருடைய கட்டளைப்பீடத்தில் உருவானதுதான். ஜப்பான் சரணடைந்துவிட்ட பிறகும் அது நிறைவேறியது. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி சிலாங்கூரின் மோரிப் கரையில் இந்தியப் படைகள் இறங்கின. பார்வைக்கு நல்ல மணல். கப்பலைவிட்டு வந்த வண்டிகளோ அடியிலிருந்த சேற்றில் புதைந்தன. பல, ஏறிவந்த கடல்நீரில் மூழ்கின.

மேலே இறுகியும் உள்ளே ஊறியும் கிடக்கும் மண் என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை இங்கே பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் சரிந்து வந்து லயன் வீடுகளை மூடியதும் அப்படி ஊறிய மண்தான். அந்தப் பேரைச் சொன்னதும் கடைக்காரர் கை வேலையை நிறுத்திவிட்டார். நானும் சற்று நேரம் பேசவில்லை.

பையன்தான் மெதுவாகக் கேட்டான்: "அந்தச் சேத்துல எறங்குனவங்கள சுட்டிருந்தா?"

அன்று மோரிப்பில் எதிரே துப்பாக்கி இல்லை. போர் சில வாரம் நீண்டிருந்தால், முழங்கால் சேற்றில் நகர முடியாமல் நின்ற அத்தனை பேரும் குண்டுக்கு முன்னால்தான் நின்றிருப்பார்கள். கரையை அடுத்த ரப்பர் தோட்டங்களில் இருந்ததும் நம்மைப் போல் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன தமிழ்ச் சனம்தான்.